நகக்கண்ணில் வெள்ளி

என்னோடு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த மாரிக்குத் தையல் மெஷின் கிடைத்தது. பல நாடுகளில் உதவி செய்யும் ஒரு கிறிஸ்தவ அமைப்பு கொடுத்தது. மதம் பார்க்கவில்லை; இனி வெடி வேலைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. நானும் எழுதிக் கொடுத்திருந்தேன், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் அந்த மெஷின் ஓடினாலே எனக்கு வயிறு எரியும்.

தீபாவளி சீசனில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். திரும்பிப் போனபோது என் இடம் அப்படியே இருந்தது. நான் இல்லாமல் கம்பெனிக்கு ஆகாது போல என்று பெருமைப்பட்டேன்.

அன்று சாயங்காலம் மாரியின் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்னியது. வெடி வேலை பார்த்தால்தான் அது ஒட்டும். உடனே அமைப்பின் மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மேடம் வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"நெசந்தான் மேடம். இந்த அக்கா காய்ச்சல்ல கெடந்தாக. வேற ஆளப் போட்ருவாகன்னு இவுக எடத்துல நான் ஒக்காந்தேன். தெரிஞ்சா திட்டுவாகன்னு யாரையும் சொல்ல விடல" என்றாள் மாரி.

மேடம் என்னைப் பார்த்தார். மெஷினையும் எடுக்கவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்றும் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க மாரி கையை நீட்டச் சொல்வாள். வெள்ளி படிந்த விரல்களை மடக்கிக்கொண்டுதான் நீட்டுகிறேன்.