செம்பூர் வீட்டுக்கு வந்த தாராவி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா கறி வாங்கப் போவார். எங்கள் ஐந்து பேருக்கான கறியையும், அதைச் சாப்பிட வழியில் அகப்பட்ட நாலைந்து பேரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வருவார். அம்மா வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டு, குழம்பில் தண்ணீர் ஊற்றுவாள். "மதினி கைப்பக்குவமே தனி" என்று வந்தவர்கள் சொல்வார்கள். ரசமாகிப்போன குழம்பை அவர்கள் புகழப் புகழ அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போகும். அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். தாராவியில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு காஸ் சிலிண்டர், கையால் சுற்றும் மெஷின், இரண்டு ஆட்கள். கோலி சோடாவோடு சிவப்பிலும் மஞ்சளிலும் கலரும் போட்டார். கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு.

தொழிலில் கெட்டிக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். மாட்டுங்கா வரை அவர் சோடா போயிற்று. சரக்கு நன்றாக இருந்ததாலா, அவர் வந்து பேசிவிட்டுப் போவது கடைக்காரர்களுக்குப் பிடித்திருந்ததாலா என்று எனக்கு இன்றும் தெரியாது. சோடா உடைக்கும்போது கோலியை மெல்ல அழுத்தி, குயில் மாதிரிக் கூவ வைப்பார். கிறிஸ்துமஸ் வந்தால் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக, சோடாப் பெட்டி ஏற்றும் கைவண்டியில் ஏறி நின்று சந்து சந்தாக ஆடிக்கொண்டு போவார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பின்னால் ஓடும். அந்த அங்கி அம்மாவின் நல்ல சேலை ஒன்றைக் கிழித்துத் தைத்தது. அம்மா கேட்டதற்கு, "மடிச்சு மடிச்சு வச்சுட்டு இருந்த. ஒருநாளாவது உடுத்துனியா?" என்றார்.

நான் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்த வருடம், சாயங்காலம் ஆனால் எங்கள் அறையில் கேரம் போர்டு விரிந்துவிடும். தையல்கடை பாய், தோல் பட்டறைக்காரர், அப்பாவின் ஊர்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள். இருந்த ஒரே விளக்கு போர்டுக்கு மேலே தொங்கும். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் எட்டி நிற்பேன்.

ஒருநாள் யாரோ சிவப்புக் காயைப் போட்டுவிட, அறையே அதிர்ந்தது. அம்மா எழுந்தாள். சிகடி அடுப்பில் கரி நன்றாகக் கனன்று, மேலே சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கி வைத்தாள். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றினாள். புகையும் சாம்பலும் அறை முழுக்கப் பரவி, எல்லாரும் இருமிக்கொண்டே எழுந்தார்கள்.

"எனக்கு ஒரு கதவு வேணும்" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "நான் சாத்துனா சாத்துன மாதிரி இருக்கணும். அது கெடைக்கித வரைக்கும் இங்க அடுப்பு எரியாது."

எல்லாரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா அரைவேக்காட்டுச் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் காணாமல் போனவர் சாயங்காலம்தான் வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "செம்பூர்ல வீடு பாத்தாச்சு. கதவு ரெண்டு இருக்கு, போதுமா?" என்றார். எந்தத் தெருவில், எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எதையும் அப்படித்தான் செய்வார்.

ஆனால் வீடு நல்ல வீடு. கீழ்த்தளத்தில் இரண்டு அறை, சமையலறை, வீட்டுக்குள்ளேயே குழாய். முன்னால் கொஞ்சம் மண்தரையும் ஒரு முருங்கையும். மாடியில் அரசாங்க ஆபீசில் கணக்குப் பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், அதிர்ந்து பேசாதவர். முதல் வாரம் மத்தியான வேளைகளில் அம்மா முன்கதவைச் சாத்திவிட்டு வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். தூங்க மாட்டாள், எதையும் செய்ய மாட்டாள். அவள் அப்படிச் சும்மா இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்ததும் வெளி கேட்டருகே நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "என்ன, ஆபீஸ் விட்டாச்சா?" என்பார். அவர்கள் தயங்கித் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்துவிடுவார்கள். "செத்த ஊருட்டி இது" என்று என்னிடம் சொன்னார்.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகை லாரி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து தையல்கடை பாய் இறங்கினார், தோல் பட்டறைக்காரர் இறங்கினார், அவர்கள் மனைவி மக்கள் இறங்கினார்கள். கேரம் போர்டு இறங்கியது, பிரியாணி அண்டா இறங்கியது. அப்பா அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, யாரு வந்துருக்காக பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டார். முருங்கை மரத்தடியில் அடுப்பு மூட்டினார்கள். பத்து மணிக்குத் தெரு முழுக்க மசாலா வாசனை.

மாடிக்காரர் படியில் பாதி இறங்கி நின்றார். "சார், வாரத்துல ஒரு நாள்தான் சித்த கண் அசர முடியறது. கொஞ்சம் மெதுவா..."

"ஞாயித்துக்கிழம யாராவது தூங்குவாகளா, சார்?" என்றார் அப்பா. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. ஒரு கலர் பாட்டிலை உடைத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு மேலே போனார்.

இது இரண்டு மூன்று ஞாயிறு நடந்த பிறகு வீட்டுக்காரர் வந்தார். இனிமேல் கூட்டம் கூடினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். அப்பா சிரித்துப் பேசிச் சமாளிக்க வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நீங்க சொல்லுதது சரிதான். இனி வர மாட்டாக."

அப்பா அவளையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு வேட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு தாராவிக்குப் போய்விட்டார். சோடாப் பெட்டிகளை அடுக்கி மேலே பாயை விரித்துக் கொட்டகையிலேயே படுத்தார். தம்பி தங்கைக்குச் சமாதானம் சொல்வதும், பஸ் ஏறிச் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டு போவதும் என் தலையில் விழுந்தன. நான் போகும்போதெல்லாம் அவர் சந்தோஷமாகத்தான் இருப்பார். கேரியரைத் திறந்து சுற்றி இருந்தவர்களுக்கு முதலில் கொடுப்பார்.

"அம்மா என்ன சொன்னா?" என்பார் கடைசியில்.

"கேரியரைக் கழுவிக் குடுத்து விடச் சொன்னா."

இவர்கள் இருவருக்கும் நடுவில் பஸ்ஸில் தொங்கித் தொங்கி எனக்கு அலுத்துவிட்டது. அம்மாவும் இறங்கி வரவில்லை, அவரும் இறங்கி வரவில்லை.

மே மாத வெக்கையில் பாட்டில் வெடித்தது. காஸ் ஏற்றும்போது முகத்துக்குக் கம்பி வலை மாட்ட வேண்டும் என்று ஆட்களைத் திட்டுகிறவர், தான் மாட்டாமல், எதிரே இருந்தவரிடம் கதை சொல்லிக்கொண்டே மெஷினைச் சுற்றியிருக்கிறார். கண்ணாடிச் சில்லு கண்ணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா கட்டிலருகே போய் நின்றாள்.

"அப்படி என்ன கத சொன்னிய?" என்றாள்.

"அது நல்ல கதட்டி" என்று அவர் ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரர் சிரிக்கும் வரை முழுக்கச் சொன்னார். அம்மா வராந்தாவுக்கு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

கட்டோடு செம்பூருக்கு அழைத்து வந்தோம். அசையக் கூடாது, சத்தம் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தாராவிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, ரகசியம் பேசுவதுபோல் நலம் விசாரித்துப் போனார்கள். அவர்களை அப்படிப் பார்க்க அம்மாவுக்கே பொறுக்கவில்லை.

ஒருநாள் காலை மாடிக்காரர் கையில் ஆங்கிலப் பேப்பரோடு வந்தார். "படிச்சுக் காட்டட்டுமா சார்?" என்றார். தலைப்பைப் படித்துத் தமிழில் சொல்வார். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்வார். இரண்டு நாள் மாடிக்காரர் அதைக் கேட்காததுபோல் அடுத்த செய்திக்குப் போனார். மூன்றாவது நாள் ஒரு மந்திரியைப் பற்றி அப்பா என்னமோ சொல்ல, அந்த மனிதர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். பிறகு ஆபீசுக்கு நேரமாவது தெரியாமல் உட்கார ஆரம்பித்தார். அவர் மனைவி மாடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

கட்டைப் பிரித்தபோது இடது கண்ணில் பார்வை இல்லை. அப்பா அதைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்காரர் இறங்கி வந்து தயங்கி நின்றார். "அந்த கேரம்காரா இன்னிக்கு வரலியா?" என்றார். வீட்டுக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

அம்மா சமையலறைக்குள் வந்து அரிசிப் பானையைத் திறந்தாள். "இந்த மனுசனையும் கெடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே கூடுதலாக அரிசி அளந்தாள். மாதம் ஒரு ஞாயிறு என்று ஒப்பந்தம் ஆயிற்று. அப்பாவுக்கு மாதம் என்பது பதினைந்து நாள், சில சமயம் எட்டு நாள்.

பல வருடங்கள் கழித்து, சோடா கம்பெனியை ஆட்களிடமே விட்டுவிட்டுச் சும்மா இருந்த காலத்தில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் முலுண்டில் இருந்த என் வீட்டிலிருந்து ஓடி வந்தபோது அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாக" என்றாள். பிறகு எரிச்சலோடு சொன்னாள். "எதத்தான் சொல்லிட்டுச் செஞ்சாக."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.