மேடையில் பேசியவர் வீட்டுக்குப் போய்விட்டார்

மெல்பேர்னில் எங்கள் தெருவில் குப்பை வண்டி வந்து போன பிறகு, யார் முதலில் வேலையால் வருகிறாரோ அவர் பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சேர்த்து உள்ளே இழுத்து வைப்பார். யாரும் பேசி வைத்த வழக்கமல்ல. எனக்கும் பக்கத்து வீட்டு கிரெகுக்கும் பல வருடமாக இப்படித்தான். போன மாதம் என் தொட்டி மட்டும் தெருவிலேயே நிற்கத் தொடங்கியது. மனிதருக்குப் பழைய முழங்கால் வருத்தம் திரும்பிவிட்டதாக்கும் என்று நினைத்து, மனைவி செய்த வட்டிலப்பம் என்ற இனிப்பில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். "கால் எப்படி?" என்றுதான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பாராமல், "உங்கள்மீது எனக்கு ஒன்றுமில்லை. பொதுவாகச் சொல்கிறேன், வெளியாட்கள் கூடிவிட்டார்கள்" என்றார். "நான் காலைத்தான் கேட்டேன்" என்றேன். "கால் பரவாயில்லை" என்றார். வட்டிலப்பத்தை வாங்கவில்லை.

அந்தக் கிழமைதான் இங்கே ஒரு கட்சித் தலைவர் தொலைக்காட்சியில் பொரிந்து தள்ளியிருந்தார். வீடு கிடைக்காததற்கும் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடப்பதற்கும் வந்தேறிகள்தான் காரணமாம். கிரெக் அதை அப்படியே ஒப்புவித்தார். இங்குள்ள நம்மவர்களிடம் சொன்னால், "அரசியல்வாதி என்ன செய்வான், சனத்தின் மனதில் கிடப்பதைத்தானே பேசுகிறான்" என்று பெரிய ஞானிகள்போல் தலையாட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனதின் மூலையில் ஒன்று கிடப்பது வேறு. அதை எடுத்து அடுத்தவன் முகத்தில் வீசலாம் என்று ஒருவன் மைக்கைப் பிடித்து அனுமதி கொடுப்பது வேறு. இதை நான் இலங்கையில் எங்கள் கற்பிட்டிக் கரையில், என் சொந்தத் தம்பியிடமே பார்த்துவிட்டேன்.

வாப்பா காலத்திலிருந்து எங்களுக்கு மீன் வியாபாரம். இப்போது தம்பி ரிஸ்வி பார்க்கிறான். பக்கத்து ஊரான தலவிலவைச் சேர்ந்த அந்தோனி அய்யாவின் வள்ளத்து மீன் எங்கள் லொறிக்குத்தான். அவர் சிங்களக் கத்தோலிக்கர். தமிழும் எங்களைப் போலவே கதைப்பார். வெள்ளிக்கிழமையில் நாங்கள் ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்வரை எந்த லொறிக்கும் கொடுக்காமல் மீனை ஐஸில் போட்டு வைத்திருப்பார். ஞாயிறில் அவர் பூசை முடிந்து வந்து நிறுத்துத் தரும்வரை எங்கள் லொறி கரையில் மீன் இறக்கும் அவருடைய வாடியில் நிற்கும். கொழும்புக்குப் பிந்தினால் விலை விழும் என்று தெரிந்தும் இரண்டு பக்கமும் காத்து நின்றோம். நாட்டில் சண்டை நடந்த காலத்தில்கூட இது முறியவில்லை.

போன தேர்தலில் முறிந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து மேடையேறி, உங்கள் கடலின் செல்வத்தை ஏன் சோனகனுக்குத் தூக்கிக் கொடுக்கிறீர்கள் என்று எங்கள் முஸ்லிம் சனத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை ரிஸ்வி தொழுதுவிட்டுப் போனால் மீன் வேறு லொறிக்குப் போய் வாடி வெறிச்சோடிக் கிடந்தது. "மகன்மார் என்ட சொல்லுக் கேக்கிறானுகள் இல்ல, தம்பி" என்று அந்தோனி அய்யா தலையைக் குனிந்துகொண்டாராம். நொந்து வந்தவனுக்கு மருந்து கொடுக்க நம்முடைய அரசியல்வாதி ஒருவரும் வந்து சேர்ந்தார். நமது காசு நமக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்று அவர் முழங்க, ரிஸ்வியும் கைதட்டியிருக்கிறான். வெட்கங்கெட்ட இரண்டு வாய்களுக்கு நடுவில் ஒரு கரை நாசமானது.

போன ஞாயிறு இங்கே மத்தியானம், அங்கே காலை, ரிஸ்வி லொறியிலிருந்து வீடியோ கோலில் எடுத்தான். மகன்மாரோடு சண்டை பிடித்து அந்தோனி அய்யா தன் பங்கு மீனை எங்களுக்கென்று மறித்து வைத்திருக்கிறார், பூசை முடிந்து வருகிறேன் என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார். இவனோ கிளம்பப் போகிறானாம்.

"பூசை இன்னும் முடியல்லடா. அந்த மனிசன் வருவார், நில்லு" என்றேன்.

"வெள்ளிக்கிழம நமக்கு ஆரு நின்ட, நானா?" அண்ணனை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"மகன்மார் செஞ்சத்துக்கு அவர் என்ன செய்வார்? இன்டைக்கு நீ போனா, இனி அவர் ஆருக்காகச் சண்ட பிடிப்பார்?"

"நீங்க அங்க இரிந்து கதைக்கிறது லேசு. அவங்களுக்காகக் காத்து நிக்கிறான் எண்டு நம்மட ஆக்களே என்னய ஏசுறாங்க. ஊருல தல காட்டோணுமே நான்."

"மேடையில கத்தினவன் வீட்ட போய்ட்டான்டா. நாளைக்கும் நீ இந்தக் கரைக்குத்தானே வரோணும்?"

அவன் சாரதியிடம் "எடு" என்றான். வெறும் கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோலப் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்பக்கம் காட்டினான். லொறி நகர்ந்தது. அப்போதுதான் கண்டேன். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தோனி அய்யா மணலில் ஓடி வந்துகொண்டிருந்தார். "வாறார்டா, நிப்பாட்டு" என்று கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் இருந்தான். அவர் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

சத்தம் கேட்டுக் குசினி வாசலுக்கு வந்த மனைவி, "ஆருக்குக் கை காட்டுறீங்க?" என்று கேட்டாள்.