விஸ்டினின் செடியும் சவேரின் தண்ணீரும்

விஸ்டினுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கோசோ தீவுக்குப் போய்வரும் படகில் கயிறு பிடித்தும், ஏறுகிற கார்களைக் கையசைத்து வரிசையில் நிறுத்தியுமே ஆயுளில் பாதியைக் கழித்தவர். முழங்கால் கெட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பு செபுஜ் ஊர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததே தவிர, கால் இன்னும் படகிலேயே நிற்பதுபோலப் படுக்கையிலும் ஆடிக்கொண்டிருந்தது. தூக்கம் வருவதில்லை.

பழைய படகுக் கூட்டாளி ஒருவர் தூக்கத்துக்கென்று கொடுத்த விதையில் ஆரம்பித்ததுதான் அந்தக் கஞ்சாச் செடி. வீட்டுக்கு நான்கு வரை சட்டம் விட்டுக்கொடுத்திருந்தது. தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். விஸ்டின் இரண்டு தொட்டி வைத்தார். பின்முற்றத்து மதில் உயரமாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பி சவேரின் வீடு. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம்.

ஜூன் கடைசியில் அடி இலைகள் மஞ்சளாயின. விஸ்டின் பதறிப்போனார். தழைச்சத்துக் குறைவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு உரம் கரைத்து ஊற்றினார். மறுநாள் மாற்றம் தெரியாததால் இன்னும் ஊற்றினார். இலை நுனிகள் கருகின. காலையில் எழுந்ததும் முற்றம், காப்பி குடித்துவிட்டு முற்றம், பூசைக்குக் கிளம்பும் முன்னும் முற்றம்.

"என்னையாவது இப்படி ஒருநாள் குனிஞ்சு பாத்திருக்கியா?" என்றாள் மனைவி பவுலா, ரொட்டியில் தக்காளியைத் தேய்த்தபடி.

"நீ மஞ்சளா மாறினா பாக்கறேன்."

"உன்கூடக் குடித்தனம் பண்ணி எப்பவோ மாறிட்டேன்."

ஜூலையில் ஒரு செடி வாடிச் செத்தது. மிஞ்சியதன் கொழுந்தும் வெளிறத் தொடங்கியது. விஸ்டின் ஓர் இலையைக் கிள்ளி ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, பக்கத்து ஊரான ஓர்மியில் தோட்டச் சாமான் கடை வைத்திருந்த கிராட்சியெல்லாவிடம் போனார். அவள் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எங்க இருந்த இலை? மேலயா, கீழயா?"

"செடியில இருந்த இலைம்மா."

"கடவுளே! அடி இலை மஞ்சளானா ஒரு நோவு, கொழுந்து மஞ்சளானா வேற நோவு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு கொண்டாங்க. ஊத்துற தண்ணியும் கொஞ்சம் கொண்டாங்க."

வேறு யாராவது இருந்தால் மறுநாள் வந்திருப்பார்கள். விஸ்டின் அடுத்த பஸ்ஸிலேயே போய்த் திரும்பினார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க.

கிராட்சியெல்லா கொழுந்தைக் காட்டினாள். நரம்பு பச்சை, நடுவில் எல்லாம் வெளிர் மஞ்சள்.

"இரும்புச்சத்து ஏறலை. கீழ்இலை நுனியைப் பாருங்க, கருகிக் கிடக்கு. பட்டினி கிடக்கிற செடிக்கு இப்படிக் கருகாது. நீங்க ஊட்டி ஊட்டிக் கருக்கியிருக்கீங்க. தொட்டி விளிம்புல வெள்ளையா ஏதாவது படிஞ்சிருக்கா?"

"ஆமா. உப்பு மாதிரி."

அவள் ஒரு சோதனைக் காகிதத் துண்டை அவர் கொண்டுவந்த தண்ணீரில் நனைத்தாள். அது கருநீலமாக மாறியது.

"சாப்பாடு எல்லாம் மண்ணுல இருக்கு. இந்தக் குழாய்த் தண்ணியோட சுண்ணாம்பு அதுக்கு வாயைத் திறக்க விடலை. உரத்தை நிறுத்துங்க. மழைத்தண்ணியை அடியில ஒழுகுற வரைக்கும் ஊத்தி மண்ணை அலசுங்க. அப்புறமும் அதே தண்ணிதான். பழைய வீடுதானே, மழைக்கிணறு இருக்குமே?"

கிணறு இருந்தது. அப்பாவின் வீட்டை இரண்டாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது கிணறு சவேரின் பாதியில் போய்விட்டது. சீட்டில் சூது என்று அம்மாவின் சாவு வீட்டில், வந்தவர்கள் எல்லோர் காதிலும் விழ, விஸ்டின் கத்தினார். அன்றோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்தவர் வானத்தைப் பார்த்தார். ஜூலை மாதத்து வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. கடையில் புட்டித் தண்ணீர் வாங்கிவந்தார்.

"நாம குடிக்கிறது குழாய்த் தண்ணி. அந்தத் துரைக்குப் புட்டித் தண்ணியா?" பவுலா புட்டியைப் பிடுங்கினாள். "பக்கத்து வீட்டுல போய்க் கேளேன். உன் கூடப் பொறந்தவன்தானே."

"அவன்கிட்டயா? செடி சாகட்டும்."

ஆனால் செடி சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்மதியம் சவேர் வாத்தியக் குழுவின் மன்றத்தில் சீட்டாடப் போய்விடுவான். பவுலாவும் கோவிலில் இருந்தாள். விஸ்டின் ஏணியைச் சாத்தி மதில் மேல் ஏறினார், வாளியை அந்தப் பக்கம் போட்டார், பின்னாலேயே தானும் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. முழங்கால் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்று மூடியை நகர்த்தித் தண்ணீர் இறைத்தார். குளிர்ந்த தண்ணீர். திரும்பினால் மதில் அப்படியே நிற்கிறது. ஏணி அந்தப் பக்கம், மடங்காத கால் இந்தப் பக்கம்.

சவேர் பாஸ்திட்சிப் பலகாரப் பொட்டலத்தோடு வந்தபோது அண்ணன் கிணற்று மூடிமேல், காலை நீட்டியபடி, நிறைந்த வாளியோடு உட்கார்ந்திருந்தார்.

சவேர் கதவருகே நின்றான்.

"தண்ணி திருடவா வந்த, அண்ணே?"

"நம்மப்பா வெட்டின கிணறு. அந்த வார்த்தை பேசாதே. என் மாடியில விழற மழையும் இதுக்குள்ளதான் வருது."

"அப்ப வாசல் வழியா வந்து கேக்கறதுதானே?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"தெரியாது. நீ கேட்டதில்லையே." சவேர் வாளியை எட்டிப் பார்த்தான். "அந்தக் கஞ்சாவுக்கா? வாடை அடிச்சப்பவே தெரியும். மஞ்சளாயிருக்கணுமே. என் எலுமிச்சைக்கு ஒருதடவை குழாய்த் தண்ணி ஊத்தித் தொலைச்சேன்."

சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். விஸ்டினுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எழுந்து போய்விடலாம் என்றால் எழ முடியவில்லை. கடைசியில் சவேர்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். வாளியைத் தானே எடுத்துக்கொண்டு முன்கதவை விரியத் திறந்தான். தெருவில் பூசை முடிந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"தண்ணி வேணும்னா இப்படி வா. அன்னிக்கு நாலு பேர் முன்னால என்னைச் சூதுக்காரன்னு சொன்ன. அதே நாலு பேர் முன்னால வாளியோட வா. மதில் ஏறாதே, செத்துத் தொலைவ."

விஸ்டின் வாளியை வாங்கினார். தெரு முழுக்கப் பார்த்தது. கூட்டத்தில் வந்த பவுலா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வெகுநேரம் வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தார். பிறகு வாளியோடு போய்க் கதவைத் தட்டினார். அதற்கடுத்த நாளும் போனார். முதல் நாட்களில் பேச்சில்லை. பின்னர் எவ்வளவு ஊற்றுவது என்று சண்டை. அப்புறம் சண்டை போடவே சவேர் இந்தப் பக்கம் வரத் தொடங்கினான். அந்தப் பாகச் சீட்டைப் பற்றி மட்டும் இருவருமே வாயைத் திறக்கவில்லை.

மஞ்சளான இலைகள் பச்சையாகவில்லை, உதிர்ந்தன. ஆனால் புதிதாக விட்ட கொழுந்து நல்ல பச்சையாக வந்தது. அன்று விஸ்டின் ஓர்மிக்குப் போய் அந்த இலையைக் கிராட்சியெல்லாவிடம் காட்டினார்.

"எதுக்கு இதைக் கிள்ளினீங்க?" என்று அவள் திட்டினாள்.

செடி நெஞ்சு உயரத்தைத் தாண்டவில்லை. அறுத்து உலர்த்தியபோது கிடைத்தது கொஞ்சம்தான். சில இரவுகள் தூங்கினார், பல இரவுகள் தூங்கவில்லை. தொட்டி காலியானதும் காலைப்பொழுதில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிவந்தவரிடம், தன் முற்றத்தில் வெயில் விழும் ஒரு பாத்தியைக் காட்டி அவரைக்கொட்டை விதைத்துக்கொள்ளச் சொன்னான் சவேர். விதைத்த மறுநாளே போய் மண்ணைக் கிளறி முளைத்துவிட்டதா என்று பார்த்தாராம். பவுலா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.