சூனியமாகிப் போன வூடு

மொரப்பூர் மணிமேகலைக்கு ஆஸ்திரேலிய இங்கிலீஷ் அத்துப்படி. எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுத்ததில்லை. கிரிக்கெட் பைத்தியம் பிடித்து, விடியற்காலையில் சிட்னி மேட்ச் வர்ணனையைக் கேட்டுக் கேட்டு வந்தது. பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கித் தரும் பெங்களூர் கம்பெனி ஒன்று, மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஆஸ்திரேலியப் பதிவுகளையெல்லாம் அவள் தலையில் கட்டியது. அவளும் வீட்டில் இருந்தபடியே, அடுப்பில் பருப்பு வேக வேக, சளைக்காமல் தட்டித் தள்ளினாள்.

அன்று வந்த குரல் நூறு வயதை எட்டப்போகும் முன்னாள் சிப்பாய் ஆல்ஃபுடையது. கேள்வி கேட்டது அவர் மகள். உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சயாம் காட்டில் ரயில் பாதை போட்ட கைதி அவர். மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்து வரப்பட்ட தமிழ்க் கூலிகளும் அங்கே காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்களாம். அவர்களில் ஒருவன் சாகும் நேரத்தில் ஆல்ஃபின் கையைப் பிடித்துக்கொண்டு, "வூடூ, வூடூ" என்று முனகியிருக்கிறான். வூடூ என்றால் இங்கிலீஷில் பில்லி சூனியம். பதறிப்போன ஆல்ஃப் கையை உதறிவிட்டு ஓடிவிட்டார். மறுவாரமே அவருடைய உயிர் நண்பன் செத்தான். தனக்கு வைத்த சூனியம் நண்பன் மேல் விழுந்துவிட்டதென்று இத்தனை வருடமாகப் புழுங்கிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

மணிமேகலை கேட்டபடியே 'வூடூ' என்று தட்டினாள். அவன் முழுதாக என்னதான் சொன்னான் என்று மகள் கேட்க, கிழவர் தட்டுத்தடுமாறி ஒப்பித்தார்: "வூடூ போவ்ணும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி ஓட்டிக் கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள்.

"ஏங்க, செத்த இங்க வாங்க," என்று கணவன் மாதவராஜைக் கூப்பிட்டாள். "இதக் கேளுங்க."

"வூடு போவணும்ங்கறாரு. யாரு இது, நம்மூரு ஆளா?"

அவ்வளவுதான், அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டதை மட்டும் தட்ட வேண்டும், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சட்டமாவது ஒன்றாவது என்று பெங்களூரில் இருந்த மேலாளர் நதீமுக்கு போன் போட்டு, அது சூனியமில்லை, வீட்டுக்குப் போக ஏங்கிய முனகல் என்று சொன்னாள்.

"ரூல் தெரியுமில்லைங்க மேடம்?"

"தெரியுங்க சார். வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி, அந்தப் பெரியவரு கண்ண மூடறதுக்குள்ள இது அவரு காதுக்குப் போயாகணும்."

 "உங்க குரல்லயே அர்த்தத்தச் சொல்லி அனுப்புங்க. அவங்க மகளுக்கு நான் அனுப்பறேன்," என்றான் நதீம்.

பேசி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அவள் போனைக் கீழே வைக்கவில்லை. பருப்பு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை. பதிலும் குரலாகவே வந்தது. முதலில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு ஆல்ஃப் பேசினார், மகளிடம் அல்ல, அந்தத் தமிழனிடமே. மணிமேகலை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"என்னதான் சொல்றாரு?" என்றான் மாதவராஜ்.

"'கைய உதறிட்டனே மச்சான், எனக்கும் வூட்டுக்குத்தான் போவணும்னு இருந்துச்சு'ங்கறாருங்க."