முழங்காலில் இரட்டைத் துணி

அம்மாவின் தையல்கடையில் வேலை செய்யும்போது மகள் வாயில் எப்போதும் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள். அதனால் அவளுக்குக் குண்டூசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆளும் அப்படித்தான், ஒல்லி, குத்தினால்தான் தெரியும்.

கடைக்கு எதிரே படைமுகாம். முப்படைக்காரர்களும் சீருடையைச் சரிசெய்ய இங்கேதான் வருவார்கள். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்து சலித்தவளுக்கு, தன் அளவுக்கும் ஒரு சீருடை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆள்சேர்ப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூன்றில் ஒரு படையைத்தான் கேட்க முடியும். அதற்கு முன்னால் அம்மா தலையாட்ட வேண்டும். அம்மாவோ சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மிஷினை மட்டும் வேகமாக மிதித்தாள்.

"கப்பல்படைக்குப் போறேம்மா. வெள்ளை டிரஸ் எடுப்பா இருக்கும்."

"துவைக்கிறவ வயிறு எரியும். கப்பல்காரன் ஒவ்வொரு லீவுக்கும் இடுப்பைப் பிரிச்சு விடச் சொல்லி வந்து நிக்கிறான், பார்க்கலையா?"

சோதித்துப் பார்க்கலாமென்று மாமாவுடன் ஏரிக்குப் போய்ப் படகில் ஏறினாள். ஏறின வேகத்தில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி. வாயைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு தூரம் வந்துட்டோம் மாமா?" என்றாள்.

"இன்னும் கயித்தையே அவிழ்க்கலடி," என்றார் மாமா.

விமானப்படை, பல்பு மாற்ற ஸ்டூல்மேல் ஏறிய அன்றே முடிந்துபோனது. தலை சுற்றி, இறங்கத் தெரியாமல், பக்கத்துக் கடை முடிதிருத்துபவரைக் கூப்பிட்டு இறக்க வேண்டியதாயிற்று. பாதி மழித்த கன்னத்தோடு அவருடைய வாடிக்கையாளரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"தரைப்படைதான்டி உனக்கு. நான் பார்க்காத களமா?" என்றார் மாமா. படையில் இருந்த காலத்தில் மாமா பார்த்த களம், காலுறை வழங்கும் கிடங்கு.

"தரைப்படைன்னா தவழ விடுவாங்க," என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாப் பயலும் முழங்காலைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வர்றான். இவ குழந்தையிலேயே தவழாதவ. நேரா எழுந்து நடந்துட்டா."

"இப்பத் தவழ்றேன், பாரு!" குண்டூசி அங்கேயே குப்புறப் படுத்து, வெட்டு மேசைக்கடியில் ஊர்ந்தாள். கால்சட்டை வாங்க வந்திருந்த அதிகாரி பழக்கதோஷத்தில், "இடுப்பைத் தூக்காதே!" என்று அதட்டினார். மறுபக்கம் வெளியே வந்தபோது தலையெல்லாம் நூலும் துணித் துண்டும். முழங்காலில் பேண்ட் கிழிந்திருந்தது.

அம்மா கிழிசலைப் பார்த்தாள். மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். குண்டூசிக்குப் பயமே அதுதான். சண்டை போட்டால் பதில் சொல்லலாம். மிஷின் சத்தத்துக்கு என்ன பதில் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை இஸ்திரி மேசைமேல், ஆள்சேர்ப்பில் ஓடிக் காட்டுவதற்கான புதுப் பேண்ட் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"போட்டுப் பாரு," என்றாள் அம்மா.

அளவெடுக்காமல் தைத்தது அச்சாகப் பொருந்தியது. குனிந்து தடவினாள். இரண்டு முழங்காலிலும் உள்ளே இரட்டைத் துணி.

"எந்தப் படைன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா?"

"உன்னைக் கேட்டுத்தான் இத்தனை நாளும் உனக்குத் தச்சேனா?" அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வாயில இருக்கிற ஊசியை எடுத்து வச்சுட்டுப் போ. அங்கே வாயைத் திறந்து கத்தி சல்யூட் அடிக்கச் சொல்வாங்க. முழுங்கித் தொலைக்காதே."