கிணறு செய்யாத குற்றம்

சென்ற மாதம் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு நல்ல கிணற்றை மூட ஜே.சி.பி. வந்து நின்றது. அதைத் தடுத்தது யார் தெரியுமா? ஒரு மெஷின்!

கிணறு என் நண்பர் தங்கவேலுடையது. தென்னந்தோப்புக்காரர். அவருடைய ஐந்து வயது மகள் யாழினிக்கு ஆறு மாதமாக வயிற்றுவலி, சோகை. ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், "காரீயம் கலந்திருக்கிறது. எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடியுங்கள். விட்டால் மூளையைப் பாதிக்கும்" என்றார்.

குழந்தை உடம்பில் காரீயமா? எல்லோருடைய சந்தேகமும் கிணற்றின் மேல்தான். தண்ணீரைக் கொச்சியில் ஒரு லேபுக்கு அனுப்பினோம். அதிலும் காரீயம்! தங்கவேல் உடனே ஜே.சி.பி.க்குச் சொல்லிவிட்டார்.

வண்டி வந்த அன்று காலை, லேபில் வேலை பார்க்கும் கல்பாத்தி அக்கிரகாரத்துப் பெண் சுதா எனக்கு போன் செய்தார். "மெஷின்ல பார்த்தா தாமிரமும் துத்தநாகமும்கூட எக்கச்சக்கமா இருக்கு சார். அது ரெண்டும் சேர்ந்தா பித்தளை. தண்ணியை நேரா பாட்டில்லதான் பிடிச்சேளா?"

தங்கவேலைக் கேட்டேன்.

"அதெப்படிங்க... ஆபீசருங்களுக்குப் போற தண்ணியை அழுக்கு வாளியிலயா மொண்டு ஊத்தறது? பித்தளைச் சொம்பைப் புளி போட்டுப் பளபளன்னு தேச்சு, அதுல மொண்டுதானுங்க ஊத்துனேன்!"

என்ன மரியாதை! யாழினிக்குத் தினமும் மோர் கொடுப்பதும் அதே சொம்பில்தான். மட்டமான பித்தளையில் காரீயமும் கலந்திருக்குமாம்; புளிப்பு பட்டால் அதிலிருந்து காரீயம் இறங்குமாம்.

ஜே.சி.பி. திரும்பிப் போனது. இம்முறை நேராகப் பாட்டிலில் பிடித்த கிணற்றுத் தண்ணீர், சொம்பு, யாழினியின் ரத்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நானும் தங்கவேலும் கொச்சிக்குப் போனோம்.

அந்த மெஷினைப் பார்த்த பிரமிப்பு எனக்கு இன்னும் இறங்கவில்லை. சூரியனின் மேற்பரப்பை விடச் சூடான ஒரு சின்ன ஜுவாலை. அதில் துளியைத் தூவினால் அணு அணுவாகப் பிரித்து எடை போட்டுவிடுகிறது. கோயில் குளம் நிறையத் தண்ணீரில் ஒரு கல் உப்பளவு காரீயம் இருந்தாலும் தப்பாதாம்! காரீய அணுவிலேயே நாலு எடை உண்டு. அவை கலந்திருக்கும் விகிதம், கைரேகை மாதிரி, சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுமாம்.

கிணறு சுத்தம். சொம்பிலிருந்த விகிதமும் யாழினி ரத்தத்திலிருந்த விகிதமும் அச்சு அசல் ஒன்றே.

"நானே என் கையால குடுத்தனுங்களே..." தங்கவேல் உடைந்து அழுதார்.

சொம்பை நிறுத்தியாயிற்று. சிகிச்சை நடக்கிறது. இந்த வாரப் பரிசோதனையில் காரீயம் பாதியாகக் குறைந்திருக்கிறது. யாழினி பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுகிறாள்.

நன்றி சொல்லப் போன நான், மெஷினைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சுதா சிரித்தார்.

"கும்பிட்டது போறும் சார். உங்காத்துப் பாத்திரத்தை எப்போ கொண்டு வரேள்?"