ஆம்புலன்ஸ் எங்கே திரும்பும்?

கூட்ட அறையின் நீண்ட மேஜையில் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைகளிலும் டீ கிளாஸ்களை வைப்போம். மேடம் எழுந்து நின்று, ஆள்காட்டி விரலைக் கட்டடத்தின் வாசலில் வைப்பார். விரல் மெல்ல நகர்ந்து சாலைக்கு வந்ததும் நின்றுவிடும். "உள்ள போக எடமில்லாம இங்க ஒரு வண்டி நிக்குதுன்னு வெச்சுக்கங்க. அதுக்குப் பின்னால நிக்கறது யாருங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்த அறிக்கையிலும் பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

கோயம்புத்தூரில் பெரிய கட்டடம் எது வந்தாலும், அதனால் சாலைக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு ஒரு குழு இருந்தது. போக்குவரத்துப் போலீசிலிருந்து ஒருவர், நெடுஞ்சாலையிலிருந்து ஒருவர், மாநகராட்சிப் பொறியாளர், தீயணைப்பு அதிகாரி. குழுவைக் கூட்டி நடத்தும் திட்ட அலுவலராக மேடம் இருந்தார். நான் அவருக்குக் கீழே வரைவாளன். கட்டப் போகிறவர் ஒரு நிறுவனத்தை அமர்த்தி, சாலையில் வண்டிகளை எண்ணி, கட்டடம் வந்தால் எவ்வளவு கூடும் என்று கணித்து அறிக்கை கொடுக்க வேண்டும். நூறு பக்கம் இருந்தாலும் எல்லா அறிக்கையும் ஒரே வரியில்தான் முடியும்: குறிப்பிடத்தக்க பாதிப்பு இராது. மேடம் அந்தக் கடைசி வரியை முதலில் படித்துவிட்டு, எண்ணிய நாள் எது என்று தேடுவார். "சந்தை நாள்ல எண்ணுனீங்களா? முகூர்த்த நாள்ல எண்ணுனீங்களா?" இல்லையென்றால் அறிக்கை திரும்பிப் போகும். திரும்பிப் போனால் மாதக்கணக்கில் தாமதம். அதனால் அவருக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது.

பொள்ளாச்சி ரோட்டில் தன் குடும்பத் தென்னந்தோப்பில் ஒரு மருத்துவர் ஆஸ்பத்திரி கட்ட விண்ணப்பித்தார். கிணத்துக்கடவுப் பக்கத்துக்காரர்கள் நெஞ்சுவலி என்றால் நகரத்துக்குள் ஓடிவர வேண்டியிருந்த காலம். எல்லோரும் அந்த ஆஸ்பத்திரியை எதிர்பார்த்தார்கள். வரைபடத்தில் வாசல் நேராக மெயின் ரோட்டில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. கிணத்துக்கடவிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய், நடுத்தடுப்பில் இருக்கும் இடைவெளியில் திரும்பி, எதிரே வரும் லாரிகளின் நடுவே நுழைந்து வர வேண்டும். "ஆம்புலன்ஸ் எங்கீங்க திரும்பும்?" என்று மேடம் கேட்டார். கொஞ்சம் தள்ளி சிக்னல் உள்ள நாற்சந்தி இருந்தது. அங்கிருந்து தோப்பின் பின்பக்கம் வரும் சாலையில் வாசலை வைத்து, அந்தச் சாலையை அகலப்படுத்தத் தோப்பில் ஒரு பட்டையை விட்டுக் கொடுக்கச் சொன்னார்.

மருத்துவர் கெட்டவர் அல்ல. கோபத்திலும் மரியாதை குறையாமல் பேசுகிறவர். "ஏனுங்க மேடம், சினிமா தியேட்டரா கட்டறேன்? உயிர் காக்கற எடமுங்க. வாசல் ரோட்டப் பாத்து இருந்தாத்தானுங்க சனங்களுக்குத் தெரியும்" என்றார். "உயிர் காக்கற எடங்கறதாலதானுங்க கேக்கறேன்" என்றார் மேடம். கோப்பு இரண்டு முறை திரும்பிப் போனது. மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, ஆஸ்பத்திரியைத் தடுக்கும் அதிகாரி என்று எழுதியது. மேடம் அதைப் படித்துவிட்டு, மடித்து எடுத்துவைக்காமல் குப்பைக் கூடையில் போட்டார்.

அவர் கணவருக்கு மோட்டார் பம்பு கடை. கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து, எங்கள் அலுவலக வேப்ப மரத்தடியில் காத்திருப்பார். நான் வெளியே வந்தால், "ஏனுங்க தம்பி, உங்க மேடம் இன்னிக்கு யாரை அழ வெச்சாங்க?" என்று கேட்டுச் சிரிப்பார். கிணத்துக்கடவில் வீடு. ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றின் காலையில் மேடத்தின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. மேடம் அப்போது அவிநாசி ரோட்டில் ஒரு கட்டடத்தைப் பார்வையிட என்னோடு வந்திருந்தார். மகள்தான் பக்கத்து வீட்டுக்காரர் காரில் அப்பாவை மடியில் சாய்த்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஒரு கல்யாண மண்டபம். மேடம் பதவிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அனுமதி பெற்றது. வாசல் நேராக ரோட்டில். உள்ளே இடமில்லாத வண்டிகள் ரோட்டை அடைத்து நின்றன. கார் நகரவில்லை. கார் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், எதிர்ப்பக்கத்தில் தென்னந்தோப்பும், இங்கே மருத்துவமனை அமைய உள்ளது என்ற பலகையும் தெரியும். மகள் அந்தப் பலகையைப் பார்த்தபடியே இருந்திருக்கிறாள். அங்கேயே அவர் உயிர் போயிற்று.

துக்க வீட்டில், ஊர் சனம் முழுக்க உட்கார்ந்திருக்க, மகள் மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நீ கையெழுத்துப் போட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரு." யாரும் அவளை அடக்கவில்லை. மேடம் தலையைத் தூக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. ஒரு மூலையில் நின்றிருந்த மருத்துவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கோப்பு இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு மேடம் வேண்டாம் என்றார். மருத்துவரே எழுந்து, "மேடத்துக்கு இப்ப சிரமமுங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்றார். "இல்லீங்க, இன்னிக்கே பாத்தரலாம்" என்றார் மேடம். இளகிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கையெழுத்துப் போட்டால் குறை சொல்ல ஒருவரும் இல்லை. அவர் வழக்கம்போல விரலை வாசலில் வைத்தார். "ஆம்புலன்ஸ் எங்கீங்க திரும்பும்?" என்று கேட்டார். மருத்துவர் குனிந்து, நாற்சந்தியிலிருந்து பின் சாலை வரை வரைபடத்தில் தானும் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "பின்னாடி ரோட்டுலயே வாசல் வெச்சுக்கறேனுங்க. எடமும் உட்டுத் தர்றேனுங்க" என்றார். அன்றைக்கு வேறு எந்தக் கோப்பையும் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மகள் படிப்பு முடிந்ததும் வெள்ளகோவிலில் கல்யாணமாகிப் போனாள். தாலி கட்டி முடிந்த கையோடு தாயோடு பேச்சும் நின்றது. குழந்தை பிறந்தபோது மேடத்துக்குச் செய்தி வேறு யார் மூலமோதான் வந்தது. ஆஸ்பத்திரி எழும்பி, திறந்து, வளர்ந்தது. மேடம் ஓய்வு பெற்றார். குழுவில் இப்போது வேறு ஆட்கள்; கூட்டங்கள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. அந்தக் கல்யாண மண்டபம் குளிர்சாதன வசதியோடு இன்னும் பெரிதாகியிருக்கிறது. முகூர்த்த நாட்களில் இப்போதும் அங்கே வண்டிகள் நிற்கின்றன.

சென்ற ஐப்பசியில் என் அப்பா வீட்டில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் நாற்சந்தியில் திரும்பி, பின் சாலையில் ஓடி, எங்கும் நிற்காமல் அந்த ஆஸ்பத்திரிக்குள் போயிற்று. அப்பா பிழைத்தார். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள். அப்பா வீடு திரும்பியதும் நான் கிணத்துக்கடவுக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். தனி வீட்டில், டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எங்கயும் நிக்கலீங்களா?" என்றார். நிற்கவில்லை என்றேன். "இதை எம் மககிட்டச் சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டுப் பெற்றவர் அல்ல.

கரூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போகும் வழியில் வெள்ளகோவிலில் இறங்கினேன். மேடத்தின் மகள் "வாங்கண்ணா" என்று கூப்பிட்டு, மோர் கொடுத்து, நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டாள். அப்பாவின் சாயல் அப்படியே. "அம்மா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருந்தாலும், அப்பா போனப்ப அங்க அஸ்திவாரந்தானுங்கண்ணா இருந்திருக்கும். அது எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். "அப்ப யார்மேலயாவது கோவிச்சுக்கணும்னு இருந்துச்சு. கோவிச்சுக்கிட்டேன். இப்ப அதை எப்படி நிறுத்தறதுன்னு தெரியலீங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு டம்ளர் மோர் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வர வெகுநேரமாயிற்று.

மறுவாரம் மேடத்திடம் அப்படியே சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படவில்லை.

"அந்த அஸ்திவாரக் கணக்கை நான் அன்னிக்கே போட்டுப் பாத்துட்டேனுங்க தம்பி" என்றார். "சொல்லியிருக்கலாம். அப்பனைப் பறிகொடுத்த புள்ளை, யார்மேலயாச்சும் கோவத்தப் போட்டாத்தான் எழுந்து நிப்பாள்னு தோணுச்சு. எம்மேல போடட்டும்னு உட்டுட்டேன்." ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்தார். "இத்தனை வருசம் இழுக்கும்னு நினைக்கலீங்க."